கருத்தடை முறைகள்: எதை எவ்வளவு நம்பலாம்?



இந்த இதழின் குடும்ப நலப் பாடத்தை, நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் செய்தியோடு தொடங்குகிறோம். பெயரும் தெருவும் வேண்டாம். பாடம் மட்டும் போதும்.

அந்தச் சகோதரிக்கு மூன்று பிள்ளைகளும் சிசேரியன். இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததால், ஆலிமிடமும் கேட்டுக்கொண்டு, மூன்றாவது பிரசவத்தின்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டார். கணவர் வளைகுடாவில் வேலை. நான்கு வருடம் கழித்து அவர் விடுமுறையில் வந்து திரும்பிய பிறகு, சகோதரிக்கு நாள் தள்ளிப்போனது. "ஆபரேஷன் பண்ணின வயித்துல எப்படிப் பிள்ளை தங்கும்?" என்று வீட்டில் ஒருவர் கேட்ட ஒரே ஒரு கேள்வி, கடல் தாண்டிப் போய்க் கணவரின் காதிலும் விழுந்தது. அவர் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார். சகோதரி தன் தாயோடு வந்து நம் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்தபோது, நாள் தள்ளி ஐந்து வாரம் ஆகியிருந்தது. பேச்சுக்குப் பயந்து அதுவரை எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

அன்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாத செய்தி ஒன்றுதான்: ஆபரேஷன் செய்த பிறகும் கரு தங்க முடியும். அரிது, ஆனால் நடக்கும். அந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆகவே, எந்த முறை எவ்வளவு நம்பகமானது, ஏன் தவறுகிறது, தவறினால் என்ன செய்வது என்ற மூன்றையும் இந்தப் பாடத்தில் பார்க்கிறோம். இதையெல்லாம் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இல்லாததற்காக அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருப்பதை நினைவில் கொள்வோம்.

மார்க்கத்தின் நிலை, சுருக்கமாக

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இருந்த முறை 'அஸ்ல்'. அதாவது, விந்து வெளிப்படும் முன் கணவர் விலகிக்கொள்வது. குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அஸ்ல் செய்துவந்ததாகவும், அது தடுக்கப்படவில்லை என்றும் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதை அடிப்படையாக வைத்தே, பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் தற்காலிக முறைகளைப் பெரும்பாலான ஆலிம்கள் அனுமதித்துள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில் இதற்கு மனைவியின் சம்மதமும் வேண்டும். பிள்ளை பெறுவதில் அவளுக்கும் உரிமை உண்டு என்பதே காரணம். தாயின் உடல்நலம், வீட்டுச் சுமை போன்ற காரணங்களுக்காக அஸ்ல் செய்வதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஏற்றுக்கொள்கிறார்கள். பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்ற பயத்தில் செய்வதைக் கண்டிக்கிறார்கள்.

நிரந்தரமாகக் கருவளத்தை நீக்குவது வேறு விஷயம். தகுந்த மருத்துவத் தேவை இல்லாமல் அதைப் பெரும்பாலான ஆலிம்கள் அனுமதிப்பதில்லை. உங்கள் நிலைமைக்கு என்ன தீர்ப்பு என்பதை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நேரில் கேளுங்கள். இந்தப் பாடம் ஃபத்வா அல்ல.

நம்பகத்தன்மையைப் பற்றியும் ஹதீஸிலேயே ஒரு செய்தி இருக்கிறது. ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் அடிமைப்பெண் கருவுறுவதைத் தாம் விரும்பவில்லை என்று சொன்னார். விரும்பினால் அஸ்ல் செய்துகொள், ஆனாலும் விதிக்கப்பட்டது வந்தே தீரும் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். சில காலம் கழித்து அதே மனிதர் திரும்பி வந்து, அவள் கருவுற்றுவிட்டாள் என்றார். முன்பே சொன்னேனே என்பதுதான் கிடைத்த பதில். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்தச் செய்தியில் அந்தப் பெண்ணின் மீது யாரும் சந்தேகம் கொள்ளவில்லை. அஸ்ல் செய்தேன் என்பதைக் காரணம் காட்டிப் பிறந்த குழந்தை தன்னுடையதல்ல என்று மறுக்கக் கூடாது என்று சட்ட அறிஞர்கள் எழுதிவைத்திருப்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். தடுப்பு முறை தவறக்கூடியது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

எண்களைப் படிக்கும் விதம்

'இந்த முறை 98 சதவீதம் பாதுகாப்பு' என்று பெட்டியில் போட்டிருக்கும். அதன் பொருள் என்ன? 100 தம்பதிகள் ஒரு வருடம் முழுக்க அந்த முறையைக் கையாண்டால், அவர்களில் 2 பேருக்குக் கரு தங்கும் என்பதே. எந்த முறையும் இல்லாமல் இருந்தால் 100-ல் சுமார் 85 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கும். இந்த 85-ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எண்களைப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறைக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒரு தடவைகூடப் பிசகாமல், சொன்னபடியே கையாண்டால் வரும் எண் ஒன்று. மறதி, அவசரம், பயணம், காய்ச்சல் எல்லாம் உள்ள சாதாரண வீடுகளில் வரும் எண் இன்னொன்று. கடைக்காரர் சொல்வது முதல் எண். நம் வீட்டில் நடப்பது இரண்டாவது எண். கீழே தரும் எண்கள் அமெரிக்காவில் பல்லாண்டுக் கணக்கெடுப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டு, உலகெங்கும் மருத்துவர்கள் எடுத்தாளுபவை. ஊருக்கு ஊர் சற்று மாறலாம். வரிசை பெரும்பாலும் மாறாது.

1. அஸ்ல்

பிசகில்லாமல் செய்தால் 100-ல் 4. சாதாரண வீடுகளில் 100-ல் சுமார் 20. அதாவது ஐந்தில் ஒரு தம்பதிக்கு அந்த வருடத்திலேயே கரு தங்கிவிடுகிறது. செலவில்லை, பக்க விளைவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் முழுப் பொறுப்பும் கணவரின் கட்டுப்பாட்டில் நிற்கிறது. குழந்தை சற்று முன்னதாக வந்தாலும் பரவாயில்லை என்ற வீட்டுக்கு இது போதும். இன்னொரு கர்ப்பம் ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்த வீட்டுக்கு இது போதாது.

2. நாள் கணக்கு

'குளித்த முதல் வாரம் பயமில்லை' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கருமுட்டை வெளிவருவது, அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 14-ஆம் நாள். 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 10-ஆம் நாள். முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆனால் விந்தணு உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே, 24 நாள் சுழற்சிக்காரருக்கு 5-ஆம் நாளிலிருந்தே ஆபத்து தொடங்குகிறது. ஹைளு முடிந்து 7-ஆம் நாள் குஸ்ல் செய்பவருக்கு, 'பயமில்லை' என்று நினைக்கும் அந்த முதல் நாட்களே கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள்.

இந்த முறை நம் நாட்டில் அரசாங்கமே சோதித்துப் பார்த்த ஒன்று. 1952-ல் உலகிலேயே முதலாவதாக அரசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு இந்தியா. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பெங்களூருக்கு அருகே உள்ள ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் நாள் கணக்கு முறையைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எண்ண எளிதாக இருக்கட்டும் என்று, நிறம் மாறும் மணிகள் கோத்த மாலையும் தந்தார்கள். தினம் ஒரு மணியை நகர்த்த வேண்டும். நகர்த்த மறந்தவர்கள் உண்டு. மாலை இருப்பதே காப்பு என்று எண்ணியவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒழுங்கில்லாத சுழற்சிக்கு எந்த மணிக் கணக்கும் பொருந்தவில்லை. முடிவு ஏமாற்றம்தான். இன்றும் நாட்காட்டியை மட்டும் நம்பும் 100 பேரில் ஏறத்தாழ 15 முதல் 25 பேர் வரை ஒரு வருடத்தில் கருவுறுகிறார்கள்.

3. தாய்ப்பால்

தாய்ப்பால் இயற்கையான தடுப்பு என்பது உண்மை. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள்: குழந்தைக்கு 6 மாதம் நிரம்பியிருக்கக் கூடாது, தாய்க்கு மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, தண்ணீர், பால் பவுடர், கஞ்சி எதுவும் கொடுக்காமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் அந்த ஆறு மாதத்தில் 100-ல் 2 பேருக்கும் குறைவாகவே கரு தங்கும். ஒன்று குறைந்தாலும் காப்பு போய்விடும்.

இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைக் குர்ஆன் குறிப்பிடுகிறது. அது குழந்தையின் உரிமை. அதை நிறைவாகக் கொடுப்போம். அந்த இரண்டு ஆண்டும் கரு தங்காது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். 'குளிக்காமலேயே உண்டாகிவிட்டது' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

4. ஆணுறை

1968-ல் 'நிரோத்' என்ற பெயரில் மலிவு விலையில் நாடெங்கும் கடைகளுக்கு வந்தது. பிசகில்லாமல் பயன்படுத்தினால் 100-ல் 2. சாதாரண வீடுகளில் 100-ல் சுமார் 13. இந்த இடைவெளிக்குக் காரணம், 'இன்றைக்கு ஒரு நாள்தானே' என்று விடுவதும், பாதியில் அணிவதும், பாதுகாக்கும் முறையும். பர்ஸிலும் பைக் பெட்டியிலும் வெயிலில் கிடந்தது கெட்டுப்போயிருக்கும். தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் ரப்பரைச் சில நிமிடத்தில் பலவீனமாக்கும். உறையின் மீது இருக்கும் தேதியைப் பாருங்கள். மனைவியின் உடலில் எந்த மாற்றமும் செய்யாத முறை என்பதும், நோய்த்தொற்றைத் தடுக்கும் முறை என்பதும் இதன் சிறப்பு.

5. மாத்திரை

தினசரி மாத்திரை 'மாலா-என்' என்ற பெயரில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். பிசகில்லாமல் எடுத்தால் 1000-ல் 3 பேருக்கே கரு தங்கும். சாதாரண வீடுகளில் 100-ல் 7. மறதிதான் முழுக் காரணம். ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். இரண்டு, அதற்கு மேல் மறந்தால், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே 7 நாள் ஆணுறையும் வேண்டும். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கிலும் மாத்திரை பயன் தராமல் போகலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இதன் வேலையைக் கெடுக்கும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரமலானில் நேரம் மாறும் என்பதால், தராவீஹ் முடிந்து வந்ததும் என்பதுபோல் இரவில் ஒரே நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு செய்தி. அவர் வந்து இறங்கிய அன்று மாத்திரை தொடங்கினால் அன்றே காப்பு கிடைத்துவிடாது. மாதவிடாய் தொடங்கிய 5 நாட்களுக்குள் ஆரம்பிக்காவிட்டால், காப்பு வர 7 நாள் ஆகும். டிக்கெட் போட்டதும் மருத்துவரைப் பாருங்கள். விடுமுறை முடியும்போது பார்ப்பதில் பயனில்லை.

குழந்தைக்கு 6 மாதம் ஆகாத, பாலூட்டும் தாய்க்கும், இரத்த அழுத்தம் அதிகம் உள்ளவருக்கும், பார்வை மங்கி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும் மாலா-என் ஏற்றதல்ல. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத மாத்திரை ஒன்று உண்டு; இப்போது 'சாயா' என்ற பெயரில் அரசு தருகிறது. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பாலூட்டுபவரும் எடுக்கலாம். ஒழுங்காக எடுத்தால் 100-ல் ஒன்றிரண்டு பேருக்கே தவறுகிறது. ஜும்ஆ நாள் என்று குறித்துக்கொண்டால் மறக்காது.

6. ஊசி

'அந்தரா' என்ற பெயரில் 2017 முதல் அரசு மருத்துவமனைகளில் தருகிறார்கள். 3 மாதத்துக்கு ஒன்று. தேதி தவறாமல் போட்டால் 1000-ல் 2. சாதாரணமாக 100-ல் 4. இதில் மாதவிடாய் ஒழுங்கு மாறும். சிலருக்குத் துளித்துளியாகப் படும், சிலருக்கு நின்றே போகும். தொழுகை, நோன்பு விஷயத்தில் இது ஹைளா, இஸ்திஹாளாவா என்ற குழப்பம் வரும். தொடங்கும் முன்பே ஆலிமாவிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு மீண்டும் கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். அடுத்த வருடமே பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

7. காப்பர் டி

100-ல் ஒருவருக்கும் குறைவு. பிசகில்லாத எண்ணும் சாதாரண எண்ணும் இங்கே ஏறக்குறைய ஒன்றே. காரணம் எளிது: வைத்துவிட்ட பிறகு நாம் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஒரு வகை 5 வருடமும், இன்னொரு வகை 10 வருடமும் இருக்கும். எப்போது எடுத்தாலும் கருவளம் திரும்பும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அப்படி வைத்தது சிலருக்கு வெளியே நழுவிவிடும் என்பதால், ஆறு வாரத்தில் கட்டாயம் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

நம் பெரியம்மாக்களும் பாட்டிமார்களும் 'லூப்' என்றாலே முகம் சுளிப்பார்கள். அதற்கு நியாயம் உண்டு. 1965-ல் நாடு முழுக்கப் பரப்பப்பட்ட லூப்பை அவசர அவசரமாக வைத்தார்கள். இரத்தப்போக்கும் வலியும் வந்தபோது கவனிக்க ஆளில்லை. இன்றைய காப்பர் டி வேறு சாதனம். ஆனாலும், முதல் சில மாதங்களில் மாதவிடாய் கூடுதலாக இருக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உண்டான கருவை இது கலைக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். செம்பு, விந்தணுவைச் செயலிழக்கச் செய்து முட்டையோடு சேரவிடாமல் தடுக்கிறது என்பதே இதன் முதன்மையான வேலை என்கிறது மருத்துவம். இதைச் சொல்லி, உங்கள் ஆலிமிடம் தீர்ப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. ஆபரேஷன்

பெண்ணுக்குச் செய்வது முதல் வருடத்தில் 1000-ல் 5 தவறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த எண்ணிக்கை கூடும். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்றின் முடிவு 1996-ல் வந்தது. பத்து ஆண்டுகளில் 1000-ல் சுமார் 18 பேருக்குக் கரு தங்கியிருந்தது. அப்படித் தங்கியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயில் தங்கிய கரு. கட்டிய குழாய் மீண்டும் ஒட்டிக்கொள்வதும், நுண்ணிய வழி உண்டாவதும் இயற்கை. யார் மீதும் குற்றமில்லை.

ஆணுக்குச் செய்வது 1000-ல் ஒன்றிரண்டே தவறுகிறது; கத்தியும் தையலும் இல்லாத சிறு சிகிச்சை. ஆனால் உடனே காப்பு வராது. 3 மாதம் வேறு முறையைக் கையாண்டு, விந்துப் பரிசோதனையில் இல்லை என்று உறுதியான பிறகே நம்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் பாதிக்கும் அதிகமானோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மார்க்கத் தீர்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். சுமை மட்டும் ஒரு பக்கமே விழுகிறது என்பதைக் கணவன்மார்கள் சிந்திக்க வேண்டும்.

9. அவசர மாத்திரை

ஆணுறை கிழிந்தது போன்ற நேரத்தில், 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முந்த முடியுமோ அவ்வளவு முந்தி எடுக்க வேண்டிய மாத்திரை. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதே அதன் வேலை. முட்டை வெளிவந்துவிட்டால் பயன் குறைவு. மாதாமாதம் இதையே முறையாக வைத்துக்கொள்வது, மற்ற எல்லா மாத்திரைகளையும்விட நம்பகம் குறைந்த வழி.

எண்கள் சொல்லும் பாடம்

வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒவ்வொரு இரவும் மனிதக் கட்டுப்பாட்டை நம்பும் முறையில் 13 முதல் 20 வரை தவறுகிறது. தினமும் நினைவை நம்பும் மாத்திரையில் 7. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால் 4. ஒரு தடவை வைத்துவிட்டால் போதும் என்றால் ஒன்றுக்கும் குறைவு. நம் கைக்கு எவ்வளவு வேலை விடப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு தவறுகிறது. மருந்தின் வீரியத்தைவிட நம் வீட்டின் பழக்கத்தையே முதலில் எடைபோட வேண்டும்.

இன்னொன்றும் தெரியும். தற்காலிக முறையான காப்பர் டியும், நிரந்தர முறையான பெண் ஆபரேஷனும் நம்பகத்தில் ஏறக்குறைய சமம். முதல் வருடத்தில் ஒன்று 1000-ல் 8, மற்றது 1000-ல் 5. ஆகவே, 'ஆபரேஷன்தான் உறுதி, வேறு வழியில்லை' என்று சொல்லி, மார்க்கத் தீர்ப்பைக் கேட்காமலே நிரந்தர முறைக்குப் போக வேண்டியதில்லை. அதேபோல், 'மார்க்கம் அனுமதிப்பது அஸ்ல் மட்டும்தான்' என்று எண்ணி, ஐந்தில் ஒன்று தவறும் முறையிலேயே ஆபத்தான உடல்நிலை உள்ள மனைவியை நிறுத்திவைக்க வேண்டியதும் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்டது. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு 24 மாதமாவது இடைவெளி விட உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. பாலூட்டும் இரண்டு ஆண்டுகளும் அதே 24 மாதம்தான்.

தவறினால் என்ன செய்வது?

முதலாவது, எந்த முறையில் இருந்தாலும், ஆபரேஷன் செய்திருந்தாலும், நாள் தள்ளினால் ஒரு வாரத்துக்குள் பரிசோதனை செய்யுங்கள். ஆபரேஷன் அல்லது காப்பர் டி இருந்து கரு உறுதியானால், உடனே ஸ்கேன் வேண்டும். ஒரு பக்க அடிவயிற்று வலி, மயக்கம், தோள்பட்டை வலி, இரத்தக் கசிவு என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். குழாயில் தங்கிய கரு வெடித்தால் உயிர் போகும்.

இரண்டாவது, கடையில் மாத்திரை வாங்கி நீங்களாகக் கலைக்க முயல வேண்டாம். உயிருக்கு ஆபத்து, மார்க்கத்திலும் மிகக் கனமான விஷயம். மருத்துவரையும் ஆலிமையும் ஒருசேரக் கேட்டே அடுத்த அடி வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஆபரேஷன் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மருத்துவமனையிலோ செய்துகொண்ட ஆபரேஷன் தவறினால், அரசின் குடும்பக் கட்டுப்பாடு இழப்பீட்டுத் திட்டத்தில் 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். ஒரு பக்கக் குழாயை மட்டும் கட்டிவிட்டு மறுபக்கத்தை விட்டுவிட்ட ஹரியானா வழக்கில், அது கவனக்குறைவு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதிசெய்தது. 2005-ல் வந்த பஞ்சாப் வழக்கில், ஆபரேஷன் தவறியது என்பதாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகாது என்றும் சொன்னது. நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட உண்மை அது: ஒழுங்காகச் செய்த ஆபரேஷனும் தவறும்.

நான்காவது, நாவைக் காத்துக்கொள்ளுங்கள். அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்கச் சொல்கிறது குர்ஆன். கற்புள்ள பெண்ணின் மீது சாட்சியில்லாமல் பழி சொல்வது பெரும்பாவம். மாமியாரானாலும் நாத்தனாரானாலும், 'எப்படித் தங்கும்?' என்று கேட்கும் முன், '1000-ல் 5' என்ற எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் தொடக்கத்தில் சொன்ன சகோதரிக்கு அன்று மாலையே ஸ்கேன் எடுக்கப்பட்டது. கரு கருப்பைக்குள்ளேயே இருந்தது. நாள் கணக்கும் கணவரின் விடுமுறையோடு சரியாகப் பொருந்தியது. மருத்துவர் எழுதிய தாளை அனுப்பிவிட்டு, ஹஜ்ரத் கணவரோடு ஃபோனில் நீண்ட நேரம் பேசினார்கள். பிரசவத்துக்கு அவரே விமானம் ஏறி வந்தார். நான்காவது சிசேரியன், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஐந்து வாரத்தில் அந்தச் சகோதரி பட்ட வேதனையை எந்த ஸ்கேனும் அழிக்காது. கரு குழாயில் தங்கியிருந்தால் அவர் இன்று நம்மிடையே இருந்திருக்க மாட்டார் என்பதையும் மறக்க முடியவில்லை.

வீட்டில் பேசிப் பார்க்க

1. அடுத்த பிள்ளை எப்போது என்பதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து மஷ்வரா செய்திருக்கிறோமா?
2. இப்போது கையாளும் முறையில், நம் வீட்டுப் பழக்கத்தைப் பார்த்தால், 100-ல் எத்தனை தவறும்? அந்த எண் நமக்குச் சம்மதமா?
3. தவறினால் முதலில் யாரிடம் போவோம் என்பது முடிவாகியிருக்கிறதா?
4. சான்றிதழ், காப்பர் டி அட்டை எங்கே இருக்கிறது?

காப்பர் டி, ஊசி, மாத்திரை எல்லாம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் இலவசம். உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் சகோதரிகள் தயக்கமின்றிக் கேட்கலாம். கேட்க வெட்கமாக இருந்தால், துணைக்கு ஒரு பெண்ணை நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு அனுப்பிவைக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் குடும்பங்களை அமைதியும் அன்பும் உள்ளவையாக வல்ல ரஹ்மான் ஆக்கி வைப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.